ஒருமையும் பன்மையும்: அன்னையர் தினத்தின் சரித்திரம்

சென்ற ஆண்டு மே மாதம் முதல் வாரத்தில் எங்கள் கிளை மேலாளர் என் கவுண்டருக்குப் பின்னால் வந்து நின்றார். வட்டார அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையை ஒட்டி, அம்மாக்களின் பெயரில் வைப்புக் கணக்குகள் பிடிக்க வேண்டும். கிளை வாசலில் ஒரு அட்டை வைக்க வேண்டும். வாசகம் உள்ளூர் பாஷையில் இருக்கலாம். "சார், நீங்கதான் எழுதறவர். ரெண்டு வரி உருக்கமா போட்டுக் குடுங்க" என்றார். நான் எழுதியது எதையும் அவர் படித்ததில்லை. படித்திருந்தால் உருக்கத்தை என்னிடம் வந்து கேட்டிருக்க மாட்டார்.

எழுதிக் கொடுத்தேன். அந்த வரிகளை இங்கே திருப்பிச் சொல்ல மனசில்லை. 'அன்னையர் தினம்' என்று தலைப்பு. அதன் கீழே 'உங்கள் அம்மாவின் பெயரில்' என்று ஆரம்பிக்கும் ஒரு வாக்கியம். அட்டை தயாராகி வாசலில் நின்ற பிறகுதான் கண்ணில் பட்டது: தலைப்பில் பன்மை, வாக்கியத்தில் ஒருமை. இலக்கணப் பிழை அல்ல. ஆனால் ஏதோ உறுத்தியது.

அன்று மாலை ஒரு நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் உறுத்தலை விட்டுவிட்டு அட்டையைப் பிடித்துக்கொண்டார். நான் அதை எழுதியதே தவறு என்றார். அவர் சொன்ன காரணம் நம்மில் பலர் சொல்லக்கூடியதுதான்: ஆதியில் சுத்தமான ஒரு உணர்ச்சி இருந்தது, அதற்கு யாரோ ஒரு நாள் குறித்தார்கள், பிறகு வியாபாரி வந்து அதைக் கெடுத்தான். தீபாவளி, பொங்கல், தாய், தந்தை, காதல் எல்லாவற்றுக்கும் இந்த ஒரே கதைதான். எழுதுகிறவனுக்கு இந்தக் கதை ரொம்ப சௌகரியமானது. இதில் அவன் எப்போதும் கெடுவதற்கு முந்தின கட்டத்தில் நின்றுகொண்டிருக்கிறான். தீபாவளி மலரில் கதை எழுதலாமா கூடாதா என்று நம் வட்டாரத்தில் எத்தனையோ மாலைகள் பேசிக் கழிந்திருக்கின்றன. எழுதக் கூடாது என்று அடித்துப் பேசியவர்களிடமும் பழைய மலர்கள் ஒரு அடுக்கு இருக்கும்.

அன்னையர் தினத்தைப் பொறுத்தவரை இந்தக் கதையைச் சரிபார்க்க முடியும். காரணம், இந்த நாளுக்கு வயது அதிகமில்லை. புராணத்தில் மறைந்துகொள்ள அதற்கு இடமில்லை. அதைக் கொண்டுவந்தவரின் பெயர், ஊர், பார்த்த வேலை எல்லாம் பதிவில் இருக்கின்றன. அந்த வேலைதான் முதலில் என்னை இழுத்தது. அன்னா ஜார்விஸ் என்ற அந்த அமெரிக்கப் பெண்மணி தம் இளவயதில் டென்னஸி மாநிலத்து சட்டநூகா நகரத்தில் ஒரு வங்கியில் காசாளராக இருந்தவர். பிறகு பிலடெல்பியாவுக்குப் போய் ஒரு ஆயுள் காப்பீட்டு ஸ்தாபனத்தில் சேர்ந்தார். அங்கே அவர் பார்த்தது விளம்பரப் பிரசுரங்களைத் தொகுத்து எழுதுகிற வேலை. அந்த ஸ்தாபனத்தில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான். பிற்காலத்தில் விளம்பரத்துக்கு எதிராகத் தம் வாழ்க்கையையே செலவழித்த பெண்மணி, விளம்பரம் எழுதிச் சம்பளம் வாங்கியவர். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஒரு சகஊழியரை அடையாளம் கண்டுகொண்ட மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

மகளுக்கு முன்னால் தாயைச் சொல்ல வேண்டும். சரித்திரத்தில் அடிக்கடி தவறவிடப்படுபவர் அவர்தான். ஆன் ரீவ்ஸ் ஜார்விஸ், இன்று மேற்கு வர்ஜீனியா எனப்படும் மலைப்பகுதியில் வாழ்ந்தவர். பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பெற்றார். வளர்ந்து ஆளானவர்கள் நால்வர். மற்றவர்களை அம்மையும் விஷ ஜுரமும் தொண்டை அடைப்பானும் கொண்டுபோயின. 1850களின் இறுதியில் அவர் அக்கம்பக்கத்து ஊர்ப் பெண்களைக் கூட்டிக் குழுக்கள் அமைத்தார். தாய்மார் தினப் பணிக் குழுக்கள் என்று பெயர். தண்ணீரைக் காய்ச்சச் சொன்னார்கள், குழந்தைகளுக்கு வாங்கும் பாலைச் சோதித்தார்கள், க்ஷயரோகம் கண்ட தாய் இருக்கும் வீட்டுக்கு வேலைக்கு ஆள் அனுப்பினார்கள், மருந்துக்குப் பணம் திரட்டினார்கள். 1861இல் உள்நாட்டுப் போர் வந்தது. அந்தப் பகுதி இரண்டாகப் பிளந்து நின்றது. 1863இல் வர்ஜீனியாவிலிருந்து மேற்கு வர்ஜீனியா தனி மாநிலமாகவே பிரிந்துபோயிற்று. குழுக்கள் மட்டும் பிளக்கவில்லை. இரண்டு பக்கத்துச் சிப்பாய்களுக்கும் அவர்கள் வைத்தியம் பார்த்தார்கள். போர் ஓய்ந்த பின், 1868இல், எதிரெதிராகச் சண்டையிட்டவர்களையும் அவர்கள் குடும்பங்களையும் ஒரே இடத்தில் கூட்டி ஒரு சிநேக தினம் நடத்தினார் அந்த அம்மாள்.

இதில் 'தினம்' என்ற வார்த்தை எதைக் குறிக்கிறது என்று பாருங்கள். தாய்மார்கள் வேலை செய்கிற தினம். அவர்களுக்கு யாரும் பூக்கொடுக்கிற தினம் அல்ல. தாய் என்பவள் அங்கே ஒரு பொருளைப் பெற்றுக்கொள்ளும் நான்காம் வேற்றுமையில் இல்லை, எழுவாயாக இருக்கிறாள்.

அந்தத் தாய் 1905 மே 9 அன்று இறந்துபோனார். அதற்குப் பல ஆண்டுகள் முன்பு, 1876இல், ஞாயிறு பள்ளியில் பாடம் முடிந்ததும் அவர் ஒரு பிரார்த்தனை சொன்னாராம்: தாய்மார்கள் மனித குலத்துக்குச் செய்யும் சேவைக்காக யாராவது என்றாவது ஒரு நினைவு நாளை உண்டாக்கட்டும் என்று. பன்னிரண்டு வயது அன்னா அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். இது மகளே பின்னால் சொன்னது. அதை நம்பாதிருக்கக் காரணமில்லை. ஆனால் தாய் கேட்டதும் மகள் செய்ததும் ஒன்றல்ல என்றே எனக்குப் படுகிறது.

1908 மே 10, ஞாயிற்றுக்கிழமை, இரண்டு இடங்களில் முதல் கொண்டாட்டம் நடந்தது. ஒன்று, தாய் பாடம் நடத்திய கிராப்டன் நகரத்து மெதடிஸ்ட் தேவாலயத்தில். அங்கே அன்னா போகவில்லை. 500 வெள்ளைக் கார்னேஷன் பூக்களை அனுப்பிவைத்தார். அவர் தாய்க்குப் பிடித்த பூ அது. இரண்டாவது இடம் பிலடெல்பியாவில் வானமேக்கர் கடையின் அரங்கம். அன்னா பேசியது அங்கேதான்.

ஆமாம், கடையில். என் நண்பரின் கதை இந்த இடத்தில் உடைகிறது. வியாபாரி பிற்பாடு வந்து நுழையவில்லை. முதல் நாளன்று கதவைத் திறந்துவிட்டவரே அவர்தான்.

ஜான் வானமேக்கரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1876இல், ரயில்வேக்காரர்கள் கைவிட்ட ஒரு பெரிய சரக்கு நிலையத்தை வாங்கிக் கடையாக்கியவர். பேரம் கிடையாது, எல்லோருக்கும் ஒரே விலை, சீட்டில் அச்சிட்டிருக்கும். பிடிக்காவிட்டால் பணம் வாபஸ் என்பவை அவர் கடையால் பிரசித்தமானவை. பத்திரிகையில் முழுப் பக்க விளம்பரம் கொடுக்கும் பழக்கத்தை வளர்த்தவர்களில் ஒருவர். 1889 முதல் 1893 வரை அமெரிக்காவின் தபால் துறைத் தலைவராக இருந்தார். கூடவே தீவிரமான மதப்பற்றாளர், மிகப் பெரிய ஞாயிறு பள்ளி ஒன்றை நடத்தியவர். இந்த இரண்டும் அவருக்குள் சண்டையிட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. கிறிஸ்துவின் பாடுகளைச் சித்தரிக்கும் ஹங்கேரிய ஓவியர் முன்காட்சியின் இரண்டு பிரம்மாண்டமான ஓவியங்களை விலைக்கு வாங்கினார். அவை பின்னாட்களில் ஈஸ்டர் காலத்தில் கடையின் நடுக்கூடத்தில் மாட்டப்பட்டன. 1911இல் எழுந்த புதிய கட்டடத்தில் தேவாலயத்து வாத்தியமான ஆர்கனை, உலகிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்றை, கொண்டுவந்து நிறுத்தினார். ஜனங்கள் கையுறை வாங்க வந்து சங்கீதம் கேட்டார்கள். சங்கீதம் கேட்க வந்து கையுறை வாங்கினார்கள். கோயிலுக்குள் கடை வைப்பது நமக்குப் பழக்கமான விஷயம், சந்நிதித் தெரு என்றாலே கடைத்தெருதான். கடைக்குள் கோயில் வைத்தவர் வானமேக்கர். தாயின் நினைவுக்கும் அங்கே ஒரு பீடம் காலியாக இருந்திருக்கிறது.

அதன் பிறகு நடந்தவை வேகமானவை. ஜார்விஸ் கடிதம் எழுதினார். ஆயிரக்கணக்கில் எழுதினார், கவர்னர்களுக்கு, பாதிரிமார்களுக்கு, பத்திரிகை ஆசிரியர்களுக்கு, ஊறுகாயும் சாஸும் விற்ற ஹைன்ஸ் போன்ற செல்வந்தர்களுக்கு. 1910இல் மேற்கு வர்ஜீனியா இந்த நாளை ஏற்றது. 1912இல் அதற்கென்று ஒரு சங்கத்தைப் பதிவு செய்தார். நாளின் பெயருக்கும், இரண்டாவது ஞாயிறு என்ற சொற்றொடருக்கும், வெள்ளைக் கார்னேஷனுக்கும் உரிமை கொண்டாடினார். 1914 மே மாதம் அமெரிக்கக் காங்கிரஸ் தீர்மானம் நிறைவேற்ற, மே 9 அன்று ஜனாதிபதி வில்சன் பிரகடனம் வெளியிட்டார். தாய் இறந்த ஒன்பதாவது ஆண்டின் அதே தேதி. ஒரு காசாளரின் சொந்தத் துக்கம் ஒரு தேசத்தின் நாட்காட்டியில் ஏறிவிட்டது. ஆறு ஆண்டுகளில் இதைச் சாதித்த பெண்மணியை உணர்ச்சிவசப்பட்டவர் என்று மட்டும் சொல்லித் தள்ளிவிட முடியாது. தொழில் தெரிந்தவர்.

இனி ஒருமை பன்மை விஷயத்துக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் ஆறாம் வேற்றுமையைக் காட்ட, வார்த்தையின் தலைமேல் ஒரு சின்னக் கொக்கி போடுவார்கள். அந்தக் கொக்கி 'எஸ்' என்ற எழுத்துக்கு முன்னால் விழுந்தால் ஒரு தாயின் தினம். பின்னால் விழுந்தால் பல தாய்மார்களின் தினம். அன்னா ஜார்விஸ் இந்தக் கொக்கியின் இடத்தில் பிடிவாதமாக இருந்தார். அது முன்னால்தான் விழ வேண்டும். இது உலகத்துத் தாய்மார்கள் எல்லோரையும் கும்பலாகப் போற்றும் நாள் அல்ல; ஒவ்வொருவரும் தம்முடைய ஒரே தாயை, தமக்குத் தெரிந்த மிகச் சிறந்த தாயை, நினைக்கும் நாள். கொக்கியை இடம் மாற்றிப் போட்டவர்களை அவர் எதிரிகளாகவே பார்த்தார். இதில் ஒரு கவிஞனின் சிரத்தை இருக்கிறது. ஒரு ஒற்றெழுத்துக்காக அச்சகத்துக்கு நாலு முறை நடந்தவர்கள் இதைச் சிரிக்காமல் படிப்பார்கள்.

தமிழில் அந்தக் கொக்கி இல்லை. யார் முதலில் மொழிபெயர்த்தாரோ, அவர் 'அன்னையர் தினம்' என்று பன்மையில் போட்டுவிட்டார். இன்றுவரை பத்திரிகையிலும் பலகையிலும் அப்படியேதான் நிற்கிறது. ஜார்விஸ் அம்மையாருக்குத் தமிழ் தெரிந்திருந்தால் நம் மேல் வழக்குப் போட்டிருப்பார்.

போடக்கூடியவர்தான். முதல் பத்து ஆண்டுகளில் பூ வியாபாரிகளோடு அவருக்குப் பெரிய பகையில்லை. அவர்களுடைய ஆதரவையும் அவர் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் வெள்ளைக் கார்னேஷனின் விலை மே மாதந்தோறும் ஏறத் தொடங்கியது. பூ தட்டுப்பட்டபோது வியாபாரிகள் ஒரு புதிய சம்பிரதாயத்தைப் பரப்பினார்கள்: தாய் இறந்திருந்தால் வெள்ளைப் பூ, உயிரோடிருந்தால் சிவப்புப் பூ. இன்று இதைத் தொன்றுதொட்டு வந்த வழக்கம் மாதிரி எழுதுகிறார்கள். உண்மையில் அது ஒரு சரக்குப் பற்றாக்குறையின் குழந்தை. பூக்காரர்களின் தொழில் பத்திரிகைகள் இந்த நாள் தங்களுக்குக் கிடைத்த வாய்ப்பு என்பதை ஒளிவுமறைவின்றி எழுதிக்கொண்டிருந்தன. முதல் உலகப் போர் முடியும் தறுவாயில், மலர்களால் சொல்லுங்கள் என்ற அவர்களுடைய கோஷம் நாடு முழுக்கப் பரவியது. அட்டை அச்சிட்டவர்களும் மிட்டாய்க்காரர்களும் பின்னோடு வந்தார்கள்.

ஜார்விஸ் கொதித்துப்போனார். கொள்ளைக்காரர்கள், ஆள் கடத்துகிறவர்கள், கரையான்கள் என்றெல்லாம் அவர்களைத் திட்டினார். கரையான் என்பது நல்ல வசை. வசைகளில் அது ஒன்றுதான் யோசித்துச் சொன்னது. அச்சடித்த வாழ்த்து அட்டையை அவர் சோம்பேறித்தனத்தின் அத்தாட்சி என்றார். உலகத்தில் வேறு யாரையும்விட உனக்கு அதிகம் செய்தவளுக்கு உன் கையால் நாலு வரி எழுத முடியாதா என்று கேட்டார். 1923இல் பிலடெல்பியாவில் மிட்டாய் வியாபாரிகளின் மாநாட்டுக்குள் நுழைந்து சத்தம் போட்டார். அதே ஆண்டில் நியூயார்க்கில் நடக்கவிருந்த பெரிய கொண்டாட்டம் ஒன்றை வழக்கு மிரட்டலால் தடுக்கப் பார்த்தார். 1925இல், போருக்குப் போன பிள்ளைகளின் தாய்மார்கள் சங்கம் கார்னேஷன் விற்று நிதி திரட்டியது. அந்தக் கூட்டத்துக்குள்ளும் போய் ரகளை செய்து, அமைதியைக் குலைத்ததாகக் கைதானார். வானமேக்கர் கடையின் தேநீர் அறையில் 'அன்னையர் தின சாலட்' என்று ஒன்றைப் பரிமாறினார்களாம். அதை வரவழைத்து, எழுந்து நின்று, தரையில் கொட்டிவிட்டு, காசைக் கொடுத்துவிட்டு வெளியேறினார் என்று ஒரு கதை உண்டு. காசைக் கொடுத்தது எனக்குப் பிடித்திருக்கிறது. காசாளர் அல்லவா. பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு முன் அவர் மேடையேறிப் பேசியது அந்தக் கடையில்தான்.

எதிரிகள் வியாபாரிகள் மட்டுமல்ல. இந்த நாளை நான்தான் முதலில் சொன்னேன் என்று வந்தவர்கள் பலர். 1904லேயே சொன்னேன் என்ற பிராங்க் ஹெரிங், 1870இல் சமாதானத்துக்காகத் தாய்மார்களை அறைகூவியழைத்த ஜூலியா வார்ட் ஹோவின் பக்கத்தார், இன்னும் சிலர். ஒவ்வொருவருக்கும் மறுப்பு எழுதிக்கொண்டே இருந்தார் ஜார்விஸ். புதுக்கவிதையை யார் முதலில் எழுதினார் என்ற நம் சண்டைகளைப் பழைய இதழ்களில் படித்தவர்களுக்கு இந்த மறுப்புகளின் குரல் அந்நியமாக இருக்காது. சொத்து இல்லாதவர்கள்தான் எப்போதும் முதல் என்பதை இவ்வளவு பத்திரமாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

1934இல் தபால் தலை விவகாரம் வந்தது. இது தனிக் கட்டுரைக்கான விஷயம், இருந்தாலும் தொடாமல் போக முடியவில்லை. அந்த ஆண்டு அமெரிக்கத் தபால் துறை தாய்மார்களின் நினைவாக 3 சென்ட் தலை ஒன்றை வெளியிட்டது. படத்துக்கு விஸ்லர் தன் தாயை வைத்து 1871இல் வரைந்த ஓவியத்தை எடுத்துக்கொண்டார்கள். அந்தத் தாயின் பெயரும் அன்னாதான். விஸ்லர் அந்தப் படத்துக்கு வைத்த தலைப்பில் தாயே கிடையாது. சாம்பலும் கறுப்பும் சேர்ந்த ஒரு அமைவு என்பதுதான் தலைப்பு. அது என் தாய் என்பதில் எனக்கு அக்கறை இருக்கலாம், பார்க்கிறவர்களுக்கு அதில் என்ன வேலை என்று கேட்டவர் அவர். நவீன ஓவியத்தின் ஆரம்ப வாக்குமூலங்களில் ஒன்று அது. தபால் துறை என்ன செய்தது? சாம்பலையும் கறுப்பையும் ஊதாவாக்கியது. படத்தை வெட்டிச் சுருக்கி, மூலத்தில் இல்லாத ஒரு பூஜாடியை மூலையில் வைத்தது. ஜாடியில் கார்னேஷன். ஜனாதிபதி ரூஸ்வெல்ட் தாமே அந்தத் தலைக்கு மாதிரிப் படம் கிறுக்கிக் காட்டியிருந்தார். ஓவியர்கள் தங்கள் காரணத்துக்காகக் கூச்சலிட்டார்கள், ஜார்விஸ் தம் காரணத்துக்காக. அன்னையர் தினம் என்ற வார்த்தைகள் தலையில் இல்லை, ஆனால் பூ வியாபாரியின் சரக்கு இருந்தது என்பது அவர் ஆட்சேபம். விஸ்லரும் ஜார்விஸும் ஒருவரையொருவர் சகித்திருக்க மாட்டார்கள். ஒருவர் படத்திலிருந்து தாயை வெளியேற்றப் பார்த்தார், மற்றவர் ஊரையே வெளியேற்றித் தாயை மட்டும் வைத்துக்கொள்ளப் பார்த்தார். இரண்டு பேரிடமும் கேட்காமல் ஒரு பூஜாடி வந்து உட்கார்ந்துகொண்டது.

இதுவரை எழுதியதைப் படித்தால் ஜார்விஸ் பக்கம்தான் சாயத் தோன்றும். எனக்கும் தோன்றிற்று. என்னைத் தடுத்தது 1930களின் இன்னொரு சண்டை. ஏழைக் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் உதவ, அன்னையர் தினத்தை ஒட்டி நிதி திரட்டினார்கள் சில தர்ம ஸ்தாபனங்கள். பூவுக்குச் செலவழிப்பதை இதற்குக் கொடுங்கள் என்றார்கள். ஜனாதிபதியின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட்டும் அந்த முயற்சிகளோடு சேர்ந்திருந்தார். ஜார்விஸ் அவர்களையும் மிட்டாய்க்காரர்களோடு சேர்த்தே வைதார். என் நாளைத் திருடுகிறார்கள் என்றார். பிரசவத்தில் தாய் சாகாமலிருக்க, குழந்தை முதல் வயதைத் தாண்ட என்று கேட்கப்பட்ட பணம் அது. அவருடைய சொந்தத் தாய், ஆன் ரீவ்ஸ், மலைக் கிராமங்களில் பால் சோதித்தும் தண்ணீர் காய்ச்சச் சொல்லியும் செய்த அதே வேலை. தாயின் பெயரால் நின்று, தாயின் வேலையை வெளியே தள்ளிவிட்டார் மகள்.

இங்கேதான் கொக்கியின் அர்த்தம் எனக்குப் புலப்பட்டது. தாயின் குழுக்களில் தாய் பன்மை. அங்கே அவளுக்குக் கையும் காலும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரியின் க்ஷயரோகத்துக்கு அவள் பொறுப்பு. எதிர்ப்பக்கத்துச் சிப்பாயின் காயத்துக்கும் பொறுப்பு. மகள் அவளை அந்தக் கூட்டத்திலிருந்து பிரித்தெடுத்து, ஒருமையாக்கி, வீட்டுக்குள் ஒரு நாற்காலியில் உட்கார்த்தினார். ஒருமைதான் அந்தரங்கத்தைக் காப்பாற்றும், சந்தையைத் தடுக்கும் என்று அவர் மனமார நம்பினார். நடந்தது நேர்மாறு. சந்தைக்கு வேண்டியதே அந்த ஒருமைதான். பன்மையான தாய் எதையும் வாங்குவதில்லை. ஒரு ஊரின் தாய்மார் குழுவுக்கு ஒரு கிணறு வேண்டும், ஒரு மருத்துவச்சி வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரே ஒரு தாய் என்று ஆகும்போதுதான், ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக ஒரு பூங்கொத்து விற்க முடியும். பூக்காரர்கள் அவருடைய நாளைத் திருடவில்லை. அவர் எழுதிக்கொடுத்தபடியே, கொக்கி உட்பட, அச்சடித்துக்கொண்டார்கள்.

குமாஸ்தா பாஷையில் சொல்வதானால், அவர் உண்டாக்கியது ஒரு படிவம். தேதி அச்சாகியிருக்கிறது. பூவும் அச்சாகியிருக்கிறது. பெயர் எழுதும் இடத்தில் மட்டும் ஒரு கோடு. எவரும் அதில் தம் தாயின் பெயரை எழுதலாம் என்பதால்தான் ஆறு ஆண்டுகளில் அது ஒரு தேசம் முழுக்கப் பரவியது. அப்படிப்பட்ட படிவத்தை வேறு யாரும் அச்சடிக்கக் கூடாது என்று ஒருவர் சட்டம் பேசலாம். நடக்காது.

வியாபாரிகள் அதற்குப் பிறகு தேர்ந்துவிட்டார்கள். 1939இல் நவம்பர் மாதத்துக்கு ஐந்து வியாழக்கிழமைகள் வந்தன. நன்றியறிதல் நாள் 30ஆம் தேதிக்குத் தள்ளிப்போனால் கிறிஸ்துமஸ் விற்பனைக்கு நாள் குறையும் என்று கடைக்காரர்கள் முறையிட, ரூஸ்வெல்ட் பண்டிகையையே ஒரு வாரம் முன்னுக்கு இழுத்தார். மாநிலங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து இரண்டு வியாழனில் கொண்டாடின. 1941இல் காங்கிரஸ் நான்காவது வியாழன் என்று கட்டிப்போட்டது. தந்தையர் தினத்துக்கு 1910லேயே ஸ்போகேன் நகரத்தில் ஒரு மகள் கிடைத்திருந்தாள். ஆனாலும் அதைத் தூக்கி நிறுத்த ஆண்களின் உடை விற்பவர்கள் பல ஆண்டுகள் பாடுபட வேண்டியிருந்தது. சட்டம் 1972இல்தான் வந்தது. அந்தச் சரித்திரத்தில் துக்கம் குறைவு, கழுத்துப்பட்டை அதிகம்.

ஜார்விஸ் கடைசியில் வந்து சேர்ந்த இடம் விசித்திரமானது. 1940களின் தொடக்கத்தில், கண்பார்வை மங்கிய நிலையில், பிலடெல்பியாவில் வீடு வீடாகப் போய்க் கையெழுத்துக் கேட்டார் என்கிறார்கள்: இந்த நாளை நாட்காட்டியிலிருந்து ரத்து செய்ய வேண்டும் என்று. கொஞ்ச காலத்தில் கையிருப்பும் ஆரோக்கியமும் தீர்ந்து, பென்ஸில்வேனியாவில் வெஸ்ட் செஸ்டர் நகரத்து மனநல விடுதி ஒன்றில் சேர்க்கப்பட்டார். 1948 நவம்பர் 24 அன்று அங்கே இறந்தார். வயது 84. மணம் செய்துகொள்ளாதவர், குழந்தை இல்லாதவர். அவருடைய விடுதிச் செலவில் ஒரு பகுதியைப் பூ வியாபாரத்தோடும் அட்டை வியாபாரத்தோடும் தொடர்புள்ளவர்கள் கொடுத்தார்கள் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் பலரும் சொல்கிறார்கள். அவருக்கு அது தெரியாது. தாயின் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

எங்கள் கிளை அட்டைக்குத் திரும்புகிறேன். அந்த வாரம் அம்மாக்களின் பெயரில் 11 வைப்புக் கணக்குகள் வந்தன. மேலாளர் சந்தோஷப்பட்டார், உங்கள் எழுத்து பேசுகிறது சார் என்றார். வவுச்சர் போட்டவன் நான் என்பதால் எனக்கு விவரம் தெரியும். மூத்த குடிமக்கள் பெயரில் வைத்தால் வட்டி அரை சதவீதம் கூடுதல். பதினொன்றில் எட்டு, பிள்ளைகளின் பணம். கணக்கு இரண்டு பேர் பெயரில். யாராவது ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர் எடுக்கலாம் என்ற ஷரத்து. அம்மாக்கள் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு பேர் ரேகை வைத்தார்கள். ஒரு அம்மாள் கட்டைவிரலைத் துடைக்கத் துணி கேட்டு, கிடைக்காமல், முந்தானையில் துடைத்துக்கொண்டாள். சட்டப்படி இதில் ஒரு குற்றமும் இல்லை. குடும்பங்களில் நடக்கிற விஷயம். என் இரண்டு வரி அதற்கு வாசலில் நின்று வரவேற்பு சொல்லிற்று.

அந்த வெள்ளிக்கிழமை என் அம்மா கிளைக்கு வந்தாள். அப்பாவின் குடும்ப ஓய்வூதியத்தை பாஸ்புக்கில் பதிந்துகொள்ள மாதாமாதம் வருவாள். ஏடிஎம் அட்டையில் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. வாசலில் அட்டைக்கு முன்னால் நின்று, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முழுக்கப் படித்தாள். அவள் எதையும் முழுக்கப் படிப்பவள், பொட்டலம் மடித்த காகிதத்தைக்கூட. பிறகு என் கவுண்டருக்கு வந்தாள்.

"இது நீ எழுதினதா?"

"ஆமாம்மா."

"அம்மா பேர்ல போடறாங்க சரி. பணம் யாருது?"

பின்னால் வரிசை நின்றுகொண்டிருந்தது. பாஸ்புக்கை வாங்கி இயந்திரத்தில் செருகினேன். மார்ச்சிலிருந்து பதியாத வரவுகள் மூன்று இருந்தன. அவை அச்சாகி வரும்வரை அவள் நின்றாள். வாங்கி, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்துவிட்டு, பையில் வைத்துக்கொண்டு போனாள். அட்டை அந்த மாதம் முடியும்வரை வாசலில் இருந்தது. பிறகு யாரோ அதைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் ஜெனரேட்டர் பழுது என்று எழுதி வைத்தார்கள்.